வாய்விட்டுப் படிக்காத ஒரு வார்த்தை

“…அன்னைக்கு அந்த ஒரு வார்த்தைய மட்டும் நீங்க படிச்சீங்கக்கா. இன்னைக்கு முழுசையும் நானே படிச்சிடுறேன், குடுங்க” என்று சொல்லி வேதவல்லி கையை நீட்டினார். என் கையில் இருந்தது நான் வடிவமைத்த ஒரு பத்திரிகையின் புரூஃப். அவருக்கு நான் செய்த இரண்டாவது வேலை அது. முதல் வேலை, மூன்று வருடத்துக்கு முன்னால், அவர் மகளின் கல்யாணப் பத்திரிகை.

நான் உடனே கொடுத்துவிடவில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்வதானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் டிசைனர்களின் வாட்ஸப் குழுவில் பிரியா என்கிற பெண் கேட்டிருந்தாள்: “எஸ்தரக்கா, ஒரு கிளையண்ட் ஒம்போது தடவை மாத்தச் சொல்லிட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நீங்கல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?” கீழே ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். மூன்று தடவைக்கு மேல் மாற்ற மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடு என்றார் ஒருவர். போனை எடுக்காதே என்றார் இன்னொருவர். நான் தட்டச்சு செய்ய ஆரம்பித்து, அழித்து, மறுபடி ஆரம்பித்து, கடைசியில் இது குழுவில் போடும் அளவுக்குச் சின்ன விஷயம் இல்லை என்று நோட்டை எடுத்துக்கொண்டேன்.

நான் எந்த வகுப்புக்கும் போய் டிசைன் படித்தவள் இல்லை. பத்தாவது முடித்ததும் தஞ்சாவூரில் ஒரு அச்சகத்தில் பத்திரிகை மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். அவர் லீவு போட்ட ஒரு நாள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை. கொஞ்ச வருடத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டு முன்னறையில் வைத்து, சொந்தமாக வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை, கருமாதி. மணிக்கட்டு ஒத்துழைக்கிற வரை செய்தேன்.

எனக்கு வேலை கொடுத்த முதலாளி ஞானப்பிரகாசம் சார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. யாராவது கோபமாக உள்ளே வந்தால், சாய்மானம் உள்ள ஒரே நாற்காலியை அவருக்குப் போடுவார். தண்ணீர் கொடுப்பார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறப்பார். அதில் மூன்று வாசிப்புக் கண்ணாடிகள் இருக்கும், மூன்றும் வேறு வேறு பவர். பத்திரிகை அடிக்க வருபவர்கள் அதிகம் சொல்வது “கண்ணாடி கொண்டாரலை, நீங்களே பாத்துப் போட்டுடுங்க” என்பதுதான். அப்படிச் சொல்லி யாரும் அவரிடம் தப்ப முடியாது. “இந்தாங்க, எது சரியா இருக்குன்னு போட்டுப் பாருங்க” என்று மூன்றையும் வரிசையாக வைப்பார். வந்தவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் புரூஃபைக் கையில் கொடுத்து ஒரே ஒரு வார்த்தைதான்: “படிங்க.”

மனதுக்குள் படித்தால் விடமாட்டார். வரிக்குக் கீழே விரலை வைத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். முகூர்த்த நாள், கிழமை, ஊர், தாத்தா பெயர், பெரியப்பா பெயர், எல்லாம். கண் எதையும் தாண்டிப் போகும், வாய் தாண்டாது என்பது அவர் கணக்கு. ஒருமுறை பெண்ணின் அப்பா ஒருவர் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து, மாப்பிள்ளை பெயரில் நின்று, “யாரு இது?” என்றார். வேறு வீட்டு மாப்பிள்ளை. நான்தான் பழைய ஃபைலில் மாற்ற மறந்திருந்தேன். சார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, “இதுக்குத்தான் சார் படிக்கச் சொல்றது” என்றார். படித்து முடித்தபின் கடைசியில் கையெழுத்து. கையெழுத்து இல்லாத புரூஃப் மெஷின் பக்கம் போகாது.

நான் தனியாக வந்தபோது மூன்று கண்ணாடிகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எனக்குக் கொடுத்தார். இந்த முறையையும் நான் கூடவே கொண்டுவந்தேன்.

பிரியா, நீ கேட்டதற்கு என்னுடைய பதில் முக்கால்வாசி இதுதான். மாற்றச் சொல்கிறவர்களோடு நான் வாதாடியதில்லை. படிக்கச் சொன்னேன். நாற்பத்தொரு சொந்தக்காரர் பெயரோடு வந்த ஒருவர், “கல்யாணத்துக்கு வராதவன் பேருதாம்மா மொதல்ல வரணும். வர்றவன் எப்படியும் வந்துடுவான்” என்றார். அதை டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அந்தப் பக்கம் முழுக்க இப்படி ஆட்கள் சொன்னதுதான். பூ படம் பத்தாது, இன்னும் பூ போடு என்று நாலு தடவை திருப்பியனுப்பிய அம்மா ஒருவர், “எங்க கல்யாணத்துல பத்திரிகையே இல்ல கண்ணு, அதான்” என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்ட இடமெல்லாம் பூ போட்டேன். திரும்பத் திரும்ப மாற்றச் சொல்கிறவருக்குப் பெரும்பாலும் பத்திரிகை பிரச்சினையாக இருக்காது. அது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

வேதவல்லியின் வேலையை முதலில் கொண்டுவந்தவர் அவர் இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் கலியபெருமாள். மயிலாடுதுறைப் பக்கம், கட்டட வேலை எடுத்துச் செய்பவர். மாப்பிள்ளை சின்ன வயதில் அப்பாவை இழந்தவர் என்பதால் எல்லாம் இவர் பொறுப்பு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை. எழுதிக் கொடுத்த தாளில் பெண்ணின் பெற்றோர் பெயர் “தங்கராசு – வேதவல்லி” என்றுதான் இருந்தது. அப்படியே போட்டு அனுப்பினேன். மறுநாள் போன்.

“மேடம், பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி காலஞ்சென்றன்னு சேத்துக்குங்க.”

சேர்த்தேன். எங்கள் தொழிலில் இது தினமும் போடுகிற வார்த்தை. இறந்தவர் பெயர் பத்திரிகையில் வந்தால் முன்னால் அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும். அன்று சாயங்காலம் வேறொரு நம்பரிலிருந்து போன் வந்தது.

“நான் பொண்ணோட அம்மா பேசுறேன். அந்த வார்த்தைய எடுத்துடுங்கக்கா. எங்க வூட்டுக்காரரு உயிரோடதான் இருக்காரு.”

பிறகுதான் தெரிந்தது. வேதவல்லி பேராவூரணிப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற ஊர். ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் வரவே இல்லை. விட்ட நாற்று காய்ந்தது. தங்கராசு திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன், பொங்கலுக்கு வந்துவிடுகிறேன் என்று போனார். இரண்டு மாதம் பேசினார். பிறகு போன் இல்லை. யாரோ பார்த்தேன் என்றார்கள், யாரோ வேறு குடித்தனம் என்றார்கள். போய்த் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. அப்போது பெண் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். வேதவல்லி தென்னை நார் ஆலையில் வேலை செய்து அவளை பி.எஸ்சி. வரை படிக்க வைத்துவிட்டார்.

கலியபெருமாளிடம் நான் தன்மையாகவே பேசினேன். “சார், அவரு உயிரோட இருக்காருன்னு அந்தம்மா சொல்றாங்களே.”

“எம்மா, நானும் கெட்டவன் இல்ல. நீங்களே சொல்லுங்க. வெறும் பேரைப் போட்டா, எங்க சனம் மேடையில அந்தாளைத் தேடும். பொண்ணோட அப்பன் எங்க, எங்கன்னு கேக்கும். ஓடிப்போனவன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணைத்தான் காலம்பூரா குத்திக் காட்டுவாளுக. செத்துட்டான்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அதன்பின் புரூஃப் மேல் புரூஃப். அப்பா பெயரையே எடுத்துவிட்டு “வேதவல்லி அவர்களின் மகள்” என்று போட்டுப் பார்த்தேன். வேதவல்லி ஒத்துக்கொள்ளவில்லை. “அப்பன் பேரு இல்லாம எம்பொண்ணு என்ன வானத்துலேந்தா குதிச்சா?” பெயரைப் பெரியப்பா, சித்தப்பா பெயர்களோடு கலந்து நடுவில் வைத்தேன். கலியபெருமாள் கண்டுபிடித்துவிட்டார். “இது என்ன எம்மா, ஒளிச்சு வெச்ச மாரி இருக்கு.” இரண்டு விதமாக அடித்துவிடலாம், அவர்கள் ஊருக்கு ஒன்று, இவர்கள் ஊருக்கு ஒன்று என்றேன். எனக்கே அது பெரிய யோசனையாகத் தெரிந்தது. “ஒருத்தன் ரெண்டையும் பாத்தான்னா? ஒரு பத்திரிகையில செத்தவன் இன்னொரு பத்திரிகையில இருக்கானான்னு சிரிக்க மாட்டான்?” என்றார்.

ஆறாவது புரூஃபுக்குப் பிறகு கல்யாணப் பெண்ணே பேசினாள். குரலில் அழுகை இல்லை, களைப்பு இருந்தது. “ஆண்ட்டி, அவங்க மாமா இந்த எடமே வேணாம்கிற அளவுக்கு வந்துட்டாரு. அம்மாகிட்ட நீங்க எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா, உனக்கு அப்பன் செத்தாத்தான் கல்யாணமாடின்னு கேக்குது.”

கலியபெருமாள், “நான் கையெழுத்து போடுறேன், அடிச்சிடுங்க” என்றார். அங்கேதான் நான் என் முறையைப் பிடித்துக்கொண்டேன். பெண் வீட்டுப் பெயர்களுக்குப் பெண் வீட்டார்தான் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள் பெயரை அடுத்தவர் ஒப்புக்கொள்ள முடியாது என்றேன். சரியான முறைதான் அது. யாரிடம் கேட்டாலும் சரி என்பார்கள். அந்த முறையால்தான் அந்த அம்மா இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே போட வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் பழி கலியபெருமாளோடு போயிருக்கும்.

அன்றுதான் வேதவல்லியை நேரில் பார்த்தேன். ஒல்லியான ஆள். கையில் நார் தூசு அடையாத இடமே இல்லை. பேச்சை ஆரம்பிக்கும் முன்பே சொன்னார்: “சரிக்கா. போட்டுடுங்க. எம்பொண்ணுதான் பெருசு.”

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அவர் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் பார்த்தார். இரண்டாவதைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். எட்டாவது வரை படித்தவர், நிறுத்தி நிறுத்தி நன்றாகவே படித்தார். தேதி, கிழமை, மண்டபம், மாப்பிள்ளை வீட்டுப் பெயர்கள். விரல் அந்த வரிக்கு வந்ததும் நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாவதைப் போட்டார். பிறகு முதலாவதை.

“எதைப் போட்டாலும் அந்த எடம் மட்டும் தெரியலக்கா” என்றார்.

விரல் அந்த வார்த்தையைத் தாண்டி, “தங்கராசு” என்று படித்து, கடைசி வரை போனது. பிறகு என்னைப் பார்த்து, “மத்ததெல்லாம் படிச்சிட்டேனே. அந்த ஒண்ண மட்டும் நீங்க படிச்சிக்குங்களேன்” என்றார்.

ஞானப்பிரகாசம் சாராக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். படிக்காத வார்த்தை மெஷினுக்குப் போகாது என்று புரூஃபை மடித்து உள்ளே வைத்திருப்பார். அப்படி வைத்திருந்தால் இரண்டு நாளோ மூன்று நாளோ தள்ளியிருக்கும், ஏதாவது பேசித் தீர்ந்திருக்கும், அல்லது கல்யாணமே நின்றிருக்கும். எனக்குத் தெரியாது. எனக்கு அன்று ஏழாவது புரூஃப். பிரஸ்ஸில் மெஷின் எனக்காகக் காத்திருந்தது. அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பாவம் எவ்வளவு, சலிப்பு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வார்த்தையை அவருக்காக நான் படித்தேன், மெதுவாக. அவர் கையெழுத்துப் போட்டார். அத்தனை வருடத்தில் கிளையண்ட் வாய்விட்டுப் படிக்காமல் நான் அச்சுக்கு அனுப்பிய வார்த்தை அது ஒன்றுதான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கலியபெருமாள் போட்டோ அனுப்பி நன்றி சொன்னார்.

மூன்று வருடம் கழித்து, ஒரு நாள் முற்பகல், தெரியாத நம்பரிலிருந்து போன்.

“பத்திரிகை அடிக்கிறவங்களா? என் பேரு முருகேசன். திருப்பூர்லேந்து பேசுறேன். ஒரு கல்யாணப் பத்திரிகை கையில இருக்கு. அதுல மேல இருக்குற நம்பர் வேலை செய்யல. கீழ பொடி எழுத்துல உங்க நம்பர் இருந்துச்சு.”

வடிவமைப்பு என்று என் பெயரையும் நம்பரையும் அடியில் போடுவது என் வழக்கம். அதைப் பார்த்து வேலை தேடித்தான் யாராவது கூப்பிடுவார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரரான முருகேசனும் தங்கராசும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை, ஒரே அறையில் குடியிருப்பு. அன்று காலை தங்கராசு வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் வீட்டு நம்பர் எதுவும் இல்லை. இந்தப் பத்திரிகை மட்டும், கலர் ஜெராக்ஸ் எடுத்து, நாலாக மடித்து இருந்திருக்கிறது.

“அது எப்படிங்க அவர்கிட்ட வந்துச்சு?” என்று கேட்டேன்.

“என் போனுக்குத்தாம்மா வந்துச்சு, ஊர்க்காரங்க யாரோ அனுப்புனாங்க. நாந்தான் காட்டினேன். பொண்ணு பேரைப் பாத்துட்டு அன்னைக்கே லீவு சொல்லிட்டாரு. வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு வருசா வருசம் தள்ளிப் போட்ட மனுசன், இதுக்குப் போயே தீருவேன்னு கெளம்பினாரு. தஞ்சாவூரு புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டாரும்மா. அங்கேருந்து எனக்குப் போன் பண்ணாரு.”

“என்ன சொன்னாரு?”

“ஜெராக்ஸை இப்பத்தான் நல்லாப் படிச்சேன் முருகேசா, அதுல நான் செத்துட்டேனே, இப்ப போய் நின்னா எம்பொண்ணை எல்லாரும் பொய்க்காரின்னு சொல்லிட மாட்டாங்களான்னாரு. அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துட்டாரு.”

புது பஸ் ஸ்டாண்டு என் வீட்டிலிருந்து பத்து நிமிடம்.

வேதவல்லிக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட சேதியை எப்படிச் சொல்வது என்று எந்த முதலாளியும் கற்றுத் தரவில்லை. பழைய டைரியில் இருந்த அவர் நம்பருக்குப் போன் செய்து, என் பேரைச் சொல்லி, திருப்பூரிலிருந்து சேதி வந்திருக்கிறது என்று ஆரம்பித்தேன். ஆலையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. “எந்த ஆஸ்பத்திரிக்கா?” என்று மட்டும் கேட்டார். முருகேசன் நம்பரைக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு விஷயத்தை நான் சொல்லவில்லை. உடலைக் கொண்டுவரும்போது முருகேசனே சொல்லிவிட்டாராம்.

எட்டாம் நாள் கருமாதிப் பத்திரிகைக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். இதை வேறு இடத்தில் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. “நான் அன்னைக்கு உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கணும் வேதவல்லி” என்றேன்.

“நீங்க என்னக்கா பண்ணுவீங்க. கையெழுத்து போட்டது நான்தானே” என்றார்.

வழக்கமான வாசகம்தான் போட்டேன். எனது கணவர் காலஞ்சென்ற தங்கராசு அவர்களின் பதினாறாம் நாள் காரியம், இன்ன தேதி, இன்ன இடம். கீழே மகள், மருமகன் பெயர். இந்தத் தடவை படிக்கச் சொல்லி அவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். “நானே படிச்சுக் காட்டுறேன், நீங்க கேட்டுக்குங்க” என்று காகிதத்தைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அவர் கையை நீட்டி, முழுவதையும் தானே படிப்பதாகச் சொன்னார்.

கடைசியில் கொடுத்தேன். பிஸ்கட் டப்பாவைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்து, பையிலிருந்து தன்னுடைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வரிக்குக் கீழே விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். அந்த வார்த்தை வந்தது. நிற்கவில்லை. மற்ற வார்த்தைகளைப் படித்த அதே குரலில் அதையும் படித்து, ஊர் பெயர் வரைக்கும் போய் முடித்தார்.

பிறகு மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடத்தான் என்று நினைத்து அந்த இடத்தைக் காட்டினேன். அவர் பேனாவை மேலே கொண்டுபோய், காலஞ்சென்ற என்ற வார்த்தையின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.

“இது வேணாம்க்கா. இதத்தான் மூணு வருசத்துக்கு முன்னாடியே போட்டாச்சே” என்றார்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை முதல் வரிக்குக் கொண்டுபோய், மறுபடியும் ஆரம்பத்திலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.